ஒன்பதாம் குழாய்

ஜூலை 12, சனி

இது போன வருஷத்து டைரி. அப்பா வேலை பார்க்கும் ஒப்பந்தக்காரர் புது டைரியை அதிகாரிகளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் கிடந்த பழசை அப்பா தலையில் கட்டிவிட்டார். கிழமைகளை அடித்துத் திருத்தி எழுதுகிறேன். சனிக்கிழமையே எனக்குப் பயந்து ஒரு நாள் தள்ளி நிற்கிறது.

பெயர் அபிநயா. பிளஸ் ஒன் படிக்கிறேன், கணக்கில் மைனஸ். இப்படி ஒரு பெயரை வைத்துவிட்டு நடிக்காதே நடிக்காதே என்று அம்மா திட்டுவதில் நியாயமே இல்லை. அப்பா பெயர் மலைச்சாமி. பார்க்கிற வேலை, குப்பை மலைக்குக் காவல்.

முப்பது வருஷமாக ஊர்க் குப்பையைப் பழைய கல்குவாரிப் பள்ளத்தில் கொட்டினார்கள். பள்ளம் மேடாகி, மேடு மலையாகி, மூன்று வருஷத்துக்கு முன்னால் மூடினார்கள். மேலே கறுப்பு ஷீட், அதற்கு மேல் மண், அதற்கும் மேல் புல். வாசலில் 'மூடப்பட்டது' என்று போர்டு. மூடியதெல்லாம் மேலேதான். உள்ளே அது தின்றதை இன்னும் செரித்துக்கொண்டிருக்கிறது. அதனால் அதற்கு இரண்டு உபாதை. ஒன்று, அடியில் கறுப்பாக ஒழுகும். அந்தக் கருந்தண்ணி ஒரு கிணற்றில் சேரும், அப்பா பம்ப் போட்டு லாரியில் ஏற்றிவிடுவார். இரண்டாவது, வாயுத் தொல்லை. அதற்காகப் பதினான்கு இடத்தில் குழாய் நட்டிருக்கிறார்கள். குழாய்க்கு வாய் உண்டு, வாய்க்கு வாயு உண்டு. மேலே போக வழியில்லை என்றால் பாறை வெடிப்பு வழியாகப் பக்கவாட்டில் போய்விடும் என்று அப்பா சொல்வார். நமக்கும் அப்படித்தானே என்று கேட்டேன். அம்மா கரண்டியைத் தேடினாள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. சரிவில் இறங்கினால் ஏற முடியாது. அதனால் காலனிப் பக்கம் இருக்கும் கீழ்வரிசை, எட்டாம் நம்பரிலிருந்து பதினான்கு வரை, என் பொறுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாயு அளக்கும் மஞ்சள் மீட்டரைக் குழாய் வாயில் பிடித்து, காட்டுகிற எண்ணைப் பதிவேட்டில் எழுதுவேன். அப்பா கையெழுத்துப் போடுவார். வெளியாள் தொடக் கூடாது என்று விதி. நான் வெளியாளா? மகள்.

நேற்று பொறியாளர் தமயந்தி மேடத்துக்குப் போன் போட்டேன், கலெக்டர் ஆபீஸிலிருந்து பேசுவதாக. "மேடு ரெண்டு இஞ்ச் வளந்துருச்சாமே, யாரைக் கேட்டு வளத்தீங்க?" என்றேன். அவர் பதறிப்போய் ஃபைலைத் தேடினார். அத்தோடு விட்டிருக்கலாம். "மேட்டுக்கே நீங்கதான மேடம்?" என்று சொல்லி நானே சிரித்து மாட்டிக்கொண்டேன். அப்பா இன்று காலை அவர் முன்னால் கைகட்டி நின்றுவிட்டு வந்தார். சாப்பிடும்போது என்னிடம் பேசவில்லை. ஆனால் மேட்டுக்கு மேடம் என்பதற்கு அவருக்கு லேசாக உதடு துடித்தது. பார்த்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

ஆடிக்காற்று ஆடிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. மேட்டில் மீட்டரோடு நிற்கும்போது கையிலிருந்த தண்ணீர் பாட்டில் தானாக ஊ என்றது. வாயில் காற்று குறுக்கே அடித்தால் பாட்டில் ஊதும். பாதித் தண்ணீர் இருந்தால் ஒரு சுருதி, முக்கால் இருந்தால் வேறு சுருதி.

எனக்கு ஒரு யோசனை. எழுத மாட்டேன். சுவருக்கும் காது இருக்கிறது, டைரிக்குப் பக்கம் பக்கமாக இருக்கிறது.

ஜூலை 16, புதன்

கச்சேரி தயார்.

ஒன்பது, பத்து, பதினொன்று. மூன்றின் மேலேயும் வளைந்த தலையைக் கழற்றிப் புல்லுக்குள் ஒளித்தேன். அப்பா குளவிக்கூடு தட்டுவதற்காக ஒட்டாமல் வைத்திருப்பது வசதியாகப் போயிற்று. ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில். ஒன்று காலி, ஒன்றில் பாதித் தண்ணீர், ஒன்றில் முக்கால். ஆடாமல் நிற்க அம்மாவின் கிழிந்த ஊதாச் சேலையைச் சுற்றி இறக்கினேன். கச்சிதம். எறும்பு நுழைய இடமில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேட்டுக் காற்று இறங்கியது. ஊஊ என்று ஒன்று அழ, ஹூம் என்று ஒன்று பதில் சொல்ல, மூன்றாவது சும்மா முனக, காலனி நாற்பது வீடும் தெருவுக்கு வந்துவிட்டது.

கடைசி வீடு ஜெயக்கொடி அத்தையுடையது, மேட்டை ஒட்டினாற்போல். நாங்கள் அதற்கு முந்தின வீடு. உறவில்லை, ஆனாலும் அத்தை. என் ஜோக்குக்குச் சிரிக்கிற ஒரே பெரிய மனுஷி. அதுவும் சும்மா சிரிக்க மாட்டார், தொடையைத் தட்டிச் சிரிப்பார்.

"யாத்தே, என்னடி இது சத்தம்?"

"குப்பையில தூக்கிப் போட்டதெல்லாம் திரும்பி வர்றோம்னு சொல்லுதுத்தே. நீங்க போட்ட ஓட்டைக் குடம் இருக்குல்ல, அதான் மொதல்ல அழுவுது."

அத்தை தொடையைத் தட்டினார். ஆனால் அவர் மகள் மகா சிரிக்கவில்லை. என் வகுப்புதான், என் பெஞ்சுதான், பயத்தில் மட்டும் எல்.கே.ஜி. "கதவச் சாத்தும்மா" என்று அம்மாவின் முந்தானையை இழுத்தாள். ஐந்தரைக்கெல்லாம் காலனி முழுக்கக் கதவு, ஜன்னல் சாத்தியாயிற்று.

ஜூலை 18, வெள்ளி

நேற்று கச்சேரி மும்முரத்தில் மீட்டரே பிடிக்கவில்லை. இன்று மூன்று குழாயிலும் மீட்டர் சைபர். சைபர் என்றே எழுதினேன். மேடம் அப்பாவுக்குப் போன் செய்தார். "முந்தாநேத்து முப்பத்தெட்டு, இன்னைக்கு சீரோவா? எப்படி மலைச்சாமி? மீட்டரைப் பாருங்க." மீட்டர் கெட்டால் அப்பாதான் பதில் சொல்ல வேண்டும். முகம் சுருங்கிவிட்டது. "நான் சரியாப் பிடிக்கலப்பா, மறுபடி பாக்குறேன்" என்று போய், மேட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

எழுதிய எண்கள்: 36, 41, 33. காலனி நிறுத்தத்துக்கு வருகிற டவுன் பஸ்களின் நம்பர், வருகிற வரிசையில். நாளை 38, 29, 44. மறக்காது பாருங்கள்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கையெழுத்திட்டார்.

ஜூலை 21, திங்கள்

அத்தை அடுப்படி ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டார். இடுக்கில் சாக்கு. மகா சொல்லித்தான். "சத்தம் கேட்டா இவளுக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுடி" என்றார். வீட்டுக்குள் வெக்கை, புழுக்கம். நாளை பாட்டில்களை எடுத்துவிடுவேன். நாளை மழை வந்தால் நாளை மறுநாள்.

ஜூலை 23, புதன்

ஆண்கள் கூடிப் பேசினார்கள். நாளை ஆடி அமாவாசை, பேயோட்டுகிற கோடாங்கியைக் கூட்டிக்கொண்டு மேட்டில் ஏறித் தீப்பந்தம் சுற்றப் போகிறார்களாம். அப்பா இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "மேல பீடி பத்த வச்சாலே போச்சுய்யா! பந்தமா? அது குப்பை இல்ல, கேஸு அடுப்பு!" கோடாங்கி கீழேயே சுற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார்.

இது போதும் என்று சாயங்காலம் போனேன். பத்தாம் நம்பர் வந்துவிட்டது. பதினொன்று வந்துவிட்டது. ஒன்பது வரவில்லை. கழுத்தைப் பிடித்து இழுத்தேன், வியர்வைக் கை, வழுக்கிவிட்டது. கம்பை விட்டு நெம்பினேன். கீழே போனது. இன்னும் நெம்பினேன். இன்னும் கீழே போனது. ஒரு முழத்துக்குக் கீழே எங்கோ நிற்கிறது. எட்டிப் பார்த்தால் இருட்டு.

தலையை மாட்டிவிட்டு வந்தேன். வெளியே ஒன்றும் தெரியாது. மற்ற பதின்மூன்று சும்மாவா நிற்கின்றன?

ஜூலை 24, வியாழன்

சத்தம் இல்லை. கோடாங்கி எலுமிச்சையோடு போனார், வெற்றியோடு வந்தார். பாட்டில் போனதும் பேய் போயிற்று என்று நான் யாரிடம் சொல்ல?

அத்தை பலகையை எடுக்கவில்லை. "கெடக்கட்டும்டி, ஆடி முடியட்டும்."

ஜூலை 28, திங்கள்

குடைக்கம்பி. துணி காயப்போடும் கொடிக்கம்பி, நுனியை வளைத்து. அம்மாவின் இடுக்கி, கயிற்றில் கட்டி. ஒன்றும் ஆகவில்லை. துணி ஒரு ஓரம் கிழிந்திருக்க வேண்டும், மீட்டர் இருபது காட்டுகிறது. அப்படியானால் கொஞ்சம் வழி இருக்கிறது. அப்படியானால் அடைக்கவில்லை. 36 என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலை ஆறே முக்காலுக்கு அத்தை அடுப்பைப் பற்ற வைத்தார்.

சத்தம் பெரிதாக இல்லை. மூட்டையைக் கீழே போட்டதுபோல் ஒரு தும். பிறகு எங்கள் சுவர் அதிர்ந்தது. பிறகு மகாவின் குரல். அவள் வெளியே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் பலகை எங்கள் வாசலில் கிடந்தது, சாக்கோடு.

ஆகஸ்ட் 2, சனி

அத்தை பெரிய ஆஸ்பத்திரியில். முகம், இரண்டு கை, கழுத்து. உயிருக்கு நாலு நாள் கெடு வைத்திருக்கிறார்கள். மகாவும் அவள் மாமாவும் அங்கேயே இருக்கிறார்கள்.

சிலிண்டர் என்றுதான் முதலில் சொன்னார்கள். சிலிண்டர் வெடிக்காமல் முழுசாகவே இருந்தது. தமயந்தி மேடம் மீட்டரோடு ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போனார். வீட்டுக்குள் ஒன்றுமே காட்டக் கூடாதாம். எங்கள் வீட்டில் காட்டியது. எதிர் வீட்டில் காட்டியது. அத்தை வீட்டுத் தரையில் பாறை வெடிப்பு ஒன்று இருக்கிறது, அதில் வைத்ததும் மீட்டர் அலறியது.

நாற்பது வீட்டையும் காலி செய்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். என் வகுப்பறையில், என் பெஞ்சை ஓரம் தள்ளிவிட்டு, அம்மா பாய் விரித்திருக்கிறாள். அடுப்பு, விளக்கு, தீப்பெட்டி எதுவும் காலனிக்குள் போகக் கூடாது. வாயு குறைந்தால்தான் வீடு. குறையாவிட்டால் காலனியே இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பள்ளிக்கூடத்தில் பொதுச் சமையல், சித்திரான்னம் கிடையாது, ரசம் சோறு.

முதல் வரியிலேயே எழுத வேண்டியதை எழுதாமல் ரசத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மேடம் பதிவேட்டை விரித்து வைத்து அப்பாவிடம் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். "கீழ்வரிசை பூரா ஒழுங்கா இருக்கு மலைச்சாமி. நேத்து நானும் வச்சுப் பாத்தேன், எல்லாத்துலயும் கேஸ் வருது. ஒம்பது மட்டும் கொஞ்சம் கம்மி. ஆனா ஒரு மாசமா ஒரே மாதிரி ஓடுற குழாய். பிரச்சினை அங்க இல்ல. கருந்தண்ணிதான். உள்ள தண்ணி ஏறி, கேஸைத் தள்ளுது."

ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் ஞானதுரை அதைப் பிடித்துக்கொண்டார். "அப்ப பம்ப்பு ஓடல. பம்ப்பு ஓடலன்னா ஆப்பரேட்டர்தான். நான் எத்தனை தடவ சொன்னேன்?"

ஒரு தடவையும் சொன்னதில்லை. "ஓட்டுனேங்க" என்றார் அப்பா. "ஒரு நாளும் விடலங்க. லாரிக்காரரக் கேட்டுப் பாருங்க."

கிணற்றைச் சுற்றித் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். ஒன்பதாம் குழாய்க்கும் கிணற்றுக்கும் இடையில் முழு மேடும் இருக்கிறது. என் பஸ் நம்பர்களை நம்பி அவர்கள் தப்பான பக்கம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் அப்பாவை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். வேட்டியை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பேய் நாந்தாம்மா. பாட்டில் வச்சேன். ஒண்ணு உள்ள மாட்டிக்கிச்சு."

அம்மா என்னைப் பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "உங்கப்பன் ஸ்டேசன்ல நிக்கிறாரு. ஜெயக்கொடி அங்க வெந்து கெடக்கா. இப்பவும் ஒனக்கு நடிப்பு கேக்குதா?" என்று சொல்லி முதுகில் ஒன்று வைத்தாள். வலிக்கவில்லை. இன்னொன்று வைக்க மாட்டாளா என்று இருந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் அறையிலிருந்து மேடத்துக்குப் போன் செய்தேன்.

"மேடம், ஒன்பதாம் குழாய்க்குள்ள ஒரு பாட்டில் இருக்கு."

"யார் பேசுறது?"

"அபிநயா, மேடம். மலைச்சாமி பொண்ணு."

"கலெக்டர் ஆபீஸ் அபிநயாதானே? இதுவாம்மா நேரம்? ஒங்க அப்பாவைக் காப்பாத்தணும்னா அமைதியா இரு." வைத்துவிட்டார்.

மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன்.

என்னிடம் உண்மை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதையும் என் குரலில்தான் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அப்பா மத்தியானம் வந்தார். நாளைக் காலை மறுபடி போக வேண்டும். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜூலை 16லிருந்து. பஸ் நம்பர் வரை. அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு சொன்னார். "பம்ப்பு ஓட்டலன்னு ஒத்துக்கிறேன். வேலதான் போவும்."

"நீங்க ஓட்டுனீங்களேப்பா!"

"ரெஜிஸ்டர் பொய்யின்னா எங் கையெழுத்தே பொய். நீ போயி அத எழுதுனன்னு சொன்னா ஒன்னையும் இழுப்பாக. படிக்கிற புள்ள. வாயத் தொறக்காத."

"பாட்டில் உள்ளயே கெடக்கேப்பா. தோண்டுறது வேற எடம்."

"அத நான் பாத்துக்கிறேன்."

மூன்று வருஷம் அந்த மேட்டைப் பார்த்துக்கொண்ட மனுஷன். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

விடிந்ததும் கொடிக்கம்பியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கியிருக்கிறார். அந்த முழங்காலோடு. ஒன்பதாம் குழாயின் தலையைக் கழற்றிக் கம்பியை விட்டுக் குடைந்துகொண்டிருக்கும்போது காவலுக்கு நின்ற போலீஸ்காரர் பார்த்துவிட்டார். எழுந்து நிற்கக் கூட முடியவில்லையாம், இரண்டு பேர் தூக்கி வந்தார்களாம்.

ஞானதுரை பள்ளிக்கூடத்து வராந்தாவில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "பாத்தீங்களா? பண்ணுன தப்ப மறைக்கப் போயிருக்கான்." பதிவேட்டில் ஒன்பது ஒழுங்காக இருந்ததால் குழாய்க்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

காலனிக்காரர்கள் அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை. பாயை மட்டும் கொஞ்சம் தள்ளி விரித்துக்கொண்டார்கள். ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, எல்லாரும். எங்கள் பாயைச் சுற்றி ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்குத் தரை காலியாக இருக்கிறது.

அப்பா இன்று வரவில்லை. இனி வர விட மாட்டார்கள் என்கிறார்கள்.

அத்தைக்குக் காய்ச்சல்.

ஆகஸ்ட் 7, வியாழன்

விடிந்ததும் போனேன். பத்திலிருந்தும் பதினொன்றிலிருந்தும் எடுத்த இரண்டு பாட்டிலையும் வீட்டுக்குப் பின்னால் விறகுக்கடியில் வைத்திருந்தேன். காலனிக்குள் போகக் கூடாது, சுவரேறிப் போனேன். ஊதாத் துணி அப்படியே சுற்றியிருந்தது.

கிணற்றுப் பக்கம் பள்ளம் ஒரு ஆள் உயரத்துக்குப் போயிருந்தது. மேடம் சேற்றோடு நின்றார். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டி, "இவளை வெளிய அனுப்புங்க" என்றார்.

"மேடம், என்னைய நம்ப வேணாம். ரெஜிஸ்டர மட்டும் கையில எடுங்க. ஜூலை பதினெட்டு. ஒம்பது, பத்து, பதினொண்ணு. முப்பத்தாறு, நாப்பத்தொண்ணு, முப்பத்துமூணு. பத்தொம்பது: முப்பத்தெட்டு, இருபத்தொம்பது, நாப்பத்துநாலு. இருபது…"

நான் சொல்லிக்கொண்டே போனேன். அவர் முதலில் எடுக்கவில்லை. இருபத்திரண்டாம் தேதிக்கு வந்தபோது எடுத்தார். விரலை வைத்துக்கொண்டு கூடவே வந்தார். முப்பத்தொன்று வரை ஒரு எண் தப்பவில்லை.

"மனப்பாடம் பண்ணியா?"

"இல்ல மேடம். எங்க ஸ்டாப்புக்கு வர்ற பஸ்ஸு. வர்ற வரிசை. மீட்டர் காட்டுனத எழுதல. எங்கப்பாவுக்குத் தெரியாது."

மேடம் நிமிர்ந்து பஸ் நிறுத்தம் இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு பாட்டில்களை வாங்கிப் பார்த்தார். துணியைத் தொட்டார். அவர் முகம் போன போக்கை எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. கோபம் என்றால் தாங்கியிருப்பேன். "நாலு நாள்," என்றார். "நாலு நாள் இங்க தோண்டியிருக்கேன். இதை நம்பி."

நான் மூன்று தடவை போன் செய்தேன் என்று சொல்லவில்லை. அவருக்கும் அது ஞாபகம் வந்தது என்று நினைக்கிறேன். ஒன்பதாம் குழாய்ப் பக்கம் நடந்தார்.

ஒன்பதாம் குழாயைச் சுற்றித் தோண்டி, தரைக்கு மூன்று அடி கீழே அறுத்தார்கள். தீப்பொறி வரக் கூடாது என்று ரம்பத்தால், தண்ணீர் ஊற்றிக்கொண்டே. பாட்டில் சப்பிப்போய் இருந்தது. எடுத்ததும் புஸ் என்று ஒரு மூச்சு. எல்லாரும் பின்னால் போனார்கள். பக்கத்தில் வைத்திருந்த மீட்டர் அலறி அலறி ஓய்ந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எங்கள் வீட்டில் வாயு பாதியாகக் குறைந்துவிட்டது. அத்தை வீட்டு வெடிப்பில் இன்னும் இருக்கிறது. ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்வார்களாம்.

பம்ப் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது என்று மேடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பாவை விடப் போகிறார்கள். பதிவேட்டுக்காக வேலை போகும். அது என்னால்.

அத்தைக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. கஞ்சி குடித்தாராம். இதை அம்மா யாரோ சொல்லக் கேட்டு வந்து, சுவரைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

ஹெட்மிஸ்ட்ரஸ் அறை. நான் சின்னப் பிள்ளை என்பதால் எஸ்.ஐ. அம்மா சீருடை போடாமல் சாதாரணச் சேலையில் வந்திருந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். ஒன்றையும் விடவில்லை. முடித்துவிட்டுப் படித்துக் காட்டினார். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். அப்பா நேராக ஸ்டேசனிலிருந்து வந்திருந்தார், அதே வேட்டி.

"…மேற்படி பிளாஸ்டிக் பாட்டில்களை விளையாட்டாகக் குழாய்களுக்குள் சொருகியும், அதில் ஒன்று உள்ளே சிக்கியதை விளையாட்டுத்தனமாக வெளியில் சொல்லாமலும், பதிவேட்டில் விளையாட்டாக எண்களை எழுதியும்…"

"கையெழுத்துப் போடும்மா" என்றார்.

பேனாவை எடுத்தேன். வைத்தேன்.

"என்னம்மா?"

"மொத விளையாட்டு சரி மேடம். மத்தத எடுத்துருங்க."

அம்மா என் கையைப் பிடித்தாள். "எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும்டி."

எஸ்.ஐ. அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஒனக்கு நல்லதுக்குத்தாம்மா அந்த வார்த்தை. பெரியவங்க முன்னாடி இது போகும். சின்னப் பிள்ளை, விளையாட்டுக்குப் பண்ணுச்சுன்னு இருந்தா…"

"பாட்டில் வச்சது விளையாட்டு மேடம். இருபத்துமூணாம் தேதி தலைய மாட்டிட்டு வந்தேன்ல, அது விளையாட்டு இல்ல. அன்னைக்கே எங்கப்பாட்ட சொல்லியிருந்தா அரை மணி நேரத்துல அறுத்திருப்பாரு. திட்டுவாங்கன்னு சொல்லல. அத்தை ஜன்னல்ல பலகை இருந்துச்சு. தெனம் பாத்தேன்."

வாசலை ஒட்டிய பெஞ்சில் மகா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வாக்குமூலம் எனக்கு அடுத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் மாமா கூட்டி வந்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

"அப்ப என்னன்னு எழுத?" என்றார் எஸ்.ஐ. அம்மா.

"தெரிஞ்சே சொல்லலன்னு."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பினார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஆனால் அந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விரலை அதன் மேல் வைத்தார். "அடிச்சிருங்க மேடம்" என்றார்.

இரண்டு இடத்தில் அடித்து, மேலே 'தெரிந்தே' என்று எழுதினார். அடித்த இடங்களில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். கீழே அப்பா போட்டார். அம்மா வெளியே போய்விட்டாள்.

வாசலில் மகா எழுந்து நின்றாள். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தாள். நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவள் உள்ளே போகவில்லை.

"எங்கம்மா ஒன்னையக் கேட்டுச்சு," என்றாள். "அபி ஏன்டி வரலன்னு. நேத்தும் கேட்டுச்சு. நான் ஒண்ணும் சொல்லல."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்ல மாட்டேன். நாலு மணிக்கு ஆஸ்பத்திரில உள்ள விடுவாங்க. நீயே வந்து சொல்லு." உள்ளே போய்விட்டாள்.

இப்போது மூன்றே கால். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அத்தையைச் சிரிக்க வைக்கக் கூடாதாம், முகத்துத் தோல் இழுத்துக்கொள்ளுமாம், நர்ஸ் சொல்லி அனுப்பியிருக்கிறார். என்னைப் பார்த்ததுமே அவர் சிரிக்கத் தொடங்கிவிடுவார். அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். கதவருகிலேயே, முதல் வாக்கியத்திலேயே.

மகா வெளியே வருகிறாள். போகிறேன்.